பாடிப் போனவர் எப்போது திரும்ப வேண்டும்?

வேலூரிலிருந்து பாலாற்றின் போக்குக்கு எதிராகப் பயணம் செய்தால் பள்ளிகொண்டா, ஆம்பூர், வாணியம்பாடி என்று ஊர்கள் வரிசையாக வருகின்றன. தோல் பதனிடுவதற்கும் காலணி தைப்பதற்கும் பெயர் பெற்ற வட்டாரம் இது. ஆற்றில் ஆண்டின் பெரும்பகுதி தண்ணீரைக் காண முடியாது, மணலைத்தான் காணலாம். (அந்த மணலும் அள்ளப்பட்டு, தோல் கழிவு நீரும் கலந்து, ஆறு படும் பாடு தனிக் கட்டுரைக்குரியது.) இங்கே மட்டுமல்ல, தமிழ்நாட்டில் எந்த ஆற்றங்கரைக்குப் போனாலும் மாலை வேளையில் நீங்கள் காணக்கூடிய ஒரு காட்சி உண்டு. காலால் கோடு கிழித்து, சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு, இளைஞர்கள் சடுகுடு ஆடுவார்கள். ஆடுபவர்களைவிடச் சுற்றி நிற்பவர்கள் போடும் கூச்சல் பெரிதாயிருக்கும். "போடா, தொடுடா!" என்று ஒரு கூட்டம். "வந்துடுடா, வந்துடு!" என்று இன்னொரு கூட்டம்.

இந்த இரண்டு கூச்சலில் எது சரி? அதுதான் நமது கேள்வி.

வாசகர்களே, சற்று அந்த இடத்தில் உங்களை வைத்துப் பாருங்கள். நீங்கள் பாடிக்கொண்டு எதிரணிக்குள் நுழைந்திருக்கிறீர்கள். எதிரே மூன்று பேர் நிற்கிறார்கள். இடது மூலையில் நிற்பவர் துடிப்பானவர். உங்கள் கால் அவர் பக்கம் அசைந்தாலே கணுக்காலைப் பார்த்துப் பாய்பவர். அவரைத் தொட முயல்வதா? அல்லது ஒன்றும் செய்யாமல் நடுக்கோட்டுக்குத் திரும்பி விடுவதா? தைரியசாலி தொடுவான், கோழை திரும்புவான் என்று ஊரில் சொல்வார்கள். இதை நான் ஒப்புக்கொள்வதற்கில்லை. திரும்புவது எப்போது லாபம், பாய்வது எப்போது லாபம் என்பதை ஆடுபவரின் நெஞ்சுரம் மட்டும் தீர்மானிப்பதில்லை. ஆட்டத்தின் விதிகள் தீர்மானிக்கின்றன. அந்த விதிகள் கடந்த நூறு ஆண்டுகளில் பலமுறை மாறியிருக்கின்றன. ஒவ்வொரு முறை மாறியபோதும் பாடிப் போகிறவரின் கணக்கும் மாறியது.

மூச்சே கடிகாரம்

தமிழில் சடுகுடு, மராத்தியில் ஹுதுது, வங்காளத்தில் ஹாடுடு என்று இந்த விளையாட்டுக்கு வட்டாரத்துக்கு ஒரு பெயர். "கைப்பிடி" என்னும் தமிழ்ச் சொல்லே "கபடி" ஆயிற்று என்று சொல்வோர் உண்டு. கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் ஒலி ஒற்றுமையை மட்டும் வைத்துச் சொல் வரலாறு எழுதுவது ஆபத்து. பெயர் எதுவானாலும் எல்லா வட்டாரங்களுக்கும் பொதுவான ஒன்று உண்டு. பாடிப் போகிறவர் ஒரே மூச்சில் பாடவேண்டும். மூச்சு அறுந்தால் ஆட்டம் இழந்தார்.

பழைய ஆட்டத்தில் கைக்கடிகாரத்துக்கு வேலையில்லை. நுரையீரல்தான் கடிகாரம். நல்ல உடற்கட்டுள்ள இளைஞர் ஒருவர் ஆழ மூச்சிழுத்தபின் சுமார் 4 முதல் 5 லிட்டர் வரை காற்றை வெளியே விட முடியும். பாடுவது என்பது இந்தக் காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவழிப்பதுதான். ஆனால் காற்று தீர்வதற்கு முன்பே மூச்சு முட்டத் தொடங்குகிறது. ஏன்? ஓடுகிற தசைகள் கரியமில வாயுவை உண்டாக்கிக் குருதியில் சேர்த்துக்கொண்டே இருக்கின்றன. முகுளத்தில் உள்ள சுவாச மையம் பிராணவாயு குறைவதைக் காட்டிலும் கரியமில வாயு கூடுவதைத்தான் கூர்ந்து கவனிக்கிறது. "மூச்சை இழு" என்று அது போடும் கட்டளையை ஓரளவுக்குமேல் மறுக்க முடியாது. குதித்தும் வளைந்தும் ஆடுபவருக்கு இந்தக் கட்டளை சீக்கிரம் வரும்; நின்று நிதானித்துப் பாடுபவருக்குத் தாமதமாக வரும்.

ஆகவே பழைய சடுகுடுவில் பாடிப் போகிறவர் இரண்டு கணக்குகளை ஒன்றாகப் போடவேண்டியிருந்தது. எதிரிகள் எங்கே நிற்கிறார்கள் என்பது ஒன்று. கையிருப்பில் எவ்வளவு மூச்சு என்பது மற்றொன்று. முத்துக் குளிப்பவருக்கு இந்தக் கணக்கு நன்றாகத் தெரியும். ஆழத்துக்குப் போக மட்டுமல்ல, மேலே வரவும் மூச்சு வேண்டும். தடுப்பவர்களுக்கும் இது தெரியும். கெட்டிக்காரர்கள் வந்தவரை உடனே பிடிக்கமாட்டார்கள். பின்வாங்கிப் பின்வாங்கி உள்ளே இழுத்து, பாட்டின் சுருதி இறங்கும் நேரம் பார்த்துப் பாய்வார்கள்.

மூன்று வகை ஆட்டம்

எழுதப்பட்ட விதிகள் வருவதற்கு முன் இந்தியாவில் மூன்று வகையாக இதை ஆடினார்கள். அமர், காமினி, சஞ்சீவினி என்று அவற்றுக்குப் பெயர். வேறுபாடு ஒரே ஓர் இடத்தில்தான்: ஆட்டமிழந்தவரை என்ன செய்வது?

அமர் முறையில் ஆட்டமிழந்தவர் வெளியேறுவதில்லை. எதிரணிக்குப் புள்ளி போய்ச் சேரும், அவ்வளவுதான். அவர் தொடர்ந்து ஆடலாம். காமினி முறையில் ஒருமுறை வெளியே போனவர், தம் அணி முழுவதும் வீழ்ந்து புது ஆட்டம் தொடங்கும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும். சஞ்சீவினி இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. வெளியே போனவர், தம் அணியினர் எதிரி ஒருவரை வீழ்த்தினால் உயிர் பெற்றுத் திரும்புவார். பெயர்ப் பொருத்தத்தைக் கவனியுங்கள்!

இப்போது பாடிப் போகிறவரின் மனநிலையை எண்ணிப் பாருங்கள். அமரில் அவர் அஞ்சவேண்டியது மிகக் குறைவு. பிடிபட்டாலும் அடுத்த நிமிடம் மறுபடி போகலாம். காமினியில் அணியின் சிறந்த ஆட்டக்காரரே மிகுந்த கோழையாகிவிடுவார். அவர் பிடிபட்டால் அணியின் கை ஒடிந்தது போலாகும் அல்லவா? சஞ்சீவினியில்தான் சுவையான கணக்கு பிறக்கிறது. ஒருவரைத் தொட்டால் ஒரு புள்ளி மட்டுமல்ல, வெளியே உட்கார்ந்திருக்கும் நம் தோழரும் திரும்பி வருகிறார். ஒரே தொடுதலில் எதிரணியில் ஒருவர் குறைகிறார், நம் அணியில் ஒருவர் கூடுகிறார்.

நாடு முழுவதற்குமான விதிகள் அமைந்தபோது சஞ்சீவினி முறைதான் நிலைத்தது. மகாராஷ்டிரத்தின் சதாரா நகரில் 1918இல் ஒரு வரைமுறை உருவாயிற்று. பரோடாவின் ஹிந்த் விஜய் ஜிம்கானா 1923இல் விதிகளை அச்சிட்டது. 1936இல் பெர்லின் ஒலிம்பிக் நடந்தபோது அமராவதியின் ஹனுமான் வியாயாம் பிரசாரக் மண்டல் குழுவினர் அங்கே இதை ஆடிக் காட்டினர். 1950இல் அகில இந்தியக் கபடி சம்மேளனம் ஏற்பட்டது. ஆடவருக்கான முதல் தேசியப் போட்டி 1952இல் நடந்த இடம் நம் சென்னை.

திரும்பி வருவதே லாபம் என்றால்?

சஞ்சீவினி முறையிலும் ஒரு நோய் ஒளிந்திருந்தது. ஒரு சிறு கணக்கின் மூலம் அதைப் பார்ப்போம். எண்கள் என் கற்பனை. கணக்குப் போடும் முறையை மட்டும் கவனித்தால் போதும்.

எதிரே ஏழு பேர் கைகோத்து நிற்கிறார்கள். நீங்கள் துணிந்து தாக்கினால் பத்து முறையில் மூன்று முறை தொட்டுத் திரும்புவீர்கள். மூன்று முறை பிடிபடுவீர்கள். நான்கு முறை ஒன்றும் நடவாமல் திரும்புவீர்கள் என்று வைத்துக்கொள்வோம். தொட்டால் நமக்கு 1 புள்ளி. பிடிபட்டால் அவர்களுக்கு 1 புள்ளி. பத்து முறைக்கு வரவு 3, செலவு 3. மிச்சம் பூச்சியம். தாக்காமலே உள்ளே போய்ப் பாடிவிட்டுத் திரும்பினாலும் மிச்சம் பூச்சியம்தான்! பிறகு எதற்கு வீணாகக் கணுக்காலை உடைத்துக்கொள்ள வேண்டும்? அதிலும் நம் அணி முன்னணியில் இருந்தால், சும்மா போய் வந்து பொழுதைக் கழிப்பதே புத்திசாலித்தனம். தலைவர்கள் எல்லாரும் இப்படிப் புத்திசாலிகளானால் பார்ப்பவர்களுக்குக் கொட்டாவிதான் மிஞ்சும்.

இந்த நோய் கபடிக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்தில் 1950 நவம்பர் 22ஆம் நாள் ஃபோர்ட் வெய்ன் பிஸ்டன்ஸ் அணி மினியாபொலிஸ் லேக்கர்ஸ் அணியை 19–18 என்று வென்றது. லேக்கர்ஸ் அணியின் உயரமான ஆட்டக்காரரை எதிர்த்து நேரடியாக மோதுவதற்குப் பதில், பிஸ்டன்ஸ் பந்தைக் கையில் வைத்துக்கொண்டே நேரத்தைப் போக்கிற்று. இதற்கு மருந்து 1954இல் வந்தது. டேனி பயசோன் என்ற அணி உரிமையாளர் ஒரு கணக்குப் போட்டார். 48 நிமிட ஆட்டம் என்றால் 2,880 விநாடிகள். விறுவிறுப்பான ஆட்டத்தில் இரண்டு அணிகளும் சேர்ந்து சுமார் 120 முறை கூடையை நோக்கி எறிகின்றன. 2,880ஐ 120ஆல் வகுத்தால் 24. பந்து கைக்கு வந்த 24 விநாடிக்குள் எறிந்தாக வேண்டும் என்று விதி செய்தார்கள். இன்றும் அந்த விதி இருக்கிறது.

1968இல் அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில் மேபிள்வுட் என்ற ஊரில், கொலம்பியா உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் பறக்கும் தட்டை வைத்து ஒரு குழு விளையாட்டை உருவாக்கினார்கள். அல்டிமேட் என்று அதற்குப் பெயர். ஜோயல் சில்வர் என்ற மாணவர் அதில் முக்கியமானவர். இன்று சென்னை எலியட்ஸ் கடற்கரையிலும் இளைஞர்கள் இதை ஆடுகிறார்கள். தட்டைப் பிடித்தவர் ஓடக்கூடாது. ஒரு காலை ஊன்றிச் சுழலலாம், பிறருக்கு எறியலாம். எதிரி ஒருவர் முன்னே நின்று, கைகளை விரித்து மறித்துக்கொண்டு, வாய்விட்டு எண்ணுவார். பத்து எண்ணி முடிப்பதற்குள் தட்டு கையை விட்டுப் போகவேண்டும். இதில் ஒரு விசித்திரம்: வழக்கமாக இந்த ஆட்டத்துக்கு நடுவர் கிடையாது. எதிரியே எண்ணுகிறார், எதிரியே தவறை ஒப்புக்கொள்கிறார். நம் சடுகுடுவில் மூச்சு செய்த வேலையை அங்கே எதிரியின் குரல் செய்கிறது எனலாம்.

கோடுகளும் விலைகளும்

கபடியில் இந்த நோய்க்கு மருந்து ஒரே நாளில் வரவில்லை. முதலில் கோடுகள் வந்தன. இன்றைய ஆடவர் களத்தில் ஒரு பாதி 6.5 மீட்டர் ஆழம். நடுக்கோட்டிலிருந்து 3.75 மீட்டரில் ஒரு கோடு. யாரையும் தொடாவிட்டால், இதையாவது கடந்துவிட்டுத்தான் திரும்பவேண்டும். வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு ஓடி வர முடியாது. அதற்கு அப்பால் இன்னும் ஒரு மீட்டரில் போனஸ் கோடு. எதிரே ஆறு பேரோ ஏழு பேரோ இருக்கும்போது அதைத் தாண்டி ஒரு காலை ஊன்றி, மறு காலைத் தரையிலிருந்து தூக்கினால் ஒரு புள்ளி. யாரையும் தொட வேண்டியதில்லை. ஆனால் இந்தப் புள்ளிக்கு வெளியே இருக்கும் தோழர் உயிர் பெறமாட்டார். எவ்வளவு நுட்பமான பேரம் பாருங்கள்! கூட்டமாய் நிற்கும் எதிரிகளிடையே ஆழமாகப் போவதற்குக் கூலி உண்டு. ஆனால் அந்தக் கூலி தொட்டு வருவதற்குக் கிடைப்பதைவிடக் குறைவு.

2014 ஜூலையில் ப்ரோ கபடி லீக் தொடங்கியபோது தொலைக்காட்சி நேயர்கள் வேறு இரண்டு விதிகளுடன் பழகினார்கள். ஒரு ரெய்டுக்கு 30 விநாடிதான். மூச்சுக் கடிகாரத்துடன் மின் கடிகாரமும் சேர்ந்துகொண்டது. ஓர் அணி தொடர்ந்து இரண்டு முறை வெறுங்கையுடன் திரும்பினால், மூன்றாம் முறை போகிறவர் புள்ளி எடுத்தே ஆகவேண்டும். இல்லாவிட்டால் அவர் ஆட்டமிழப்பார். எதிரணிக்கு ஒரு புள்ளி. இதைத்தான் "டூ ஆர் டை" என்று அறிவிப்பாளர்கள் கத்துகிறார்கள்.

மேலே போட்ட கணக்கை இந்த மூன்றாம் ரெய்டுக்குப் போட்டுப் பாருங்கள். பத்தில் மூன்று முறை வெற்றி. மற்ற ஏழு முறையும் இழப்பு. ஏனென்றால் வெறுங்கையுடன் திரும்பினாலும் பிடிபட்டதற்குச் சமம். வரவு 3, செலவு 7. பத்து ரெய்டுக்கு 4 புள்ளி நஷ்டம். ஆனால் சும்மா திரும்புவதென்றால் 10 புள்ளி நஷ்டம்! திரும்புவது இலவசமாக இருந்த காலம் போய், அதற்கும் ஒரு விலை வந்துவிட்டது. அந்த விலை வந்தவுடன், முன்பு "முரட்டுத்தனம்" என்று சொன்ன அதே பாய்ச்சல் "வேறு வழியில்லாத நியாயமான முடிவு" ஆகிவிட்டது.

மூன்றாம் ரெய்டே நஷ்டக் கணக்கு என்றால் முதல் இரண்டிலேயே முயல வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்கலாம். ஏட்டுக் கணக்கு அப்படித்தான் சொல்கிறது. களத்தில் பல அணிகள் இதற்கு நேர்மாறாகச் செய்கின்றன. முதல் இரண்டையும் வேண்டுமென்றே வெறுமையாக விட்டுவிட்டு, மூன்றாவதற்கென்றே தனித் திறமையுள்ள ஒருவரை அனுப்புகின்றன. காரணம், அந்த 30 விநாடியில் தடுப்பவர்களுக்கும் பதற்றம். வந்தவர் எப்படியும் தாக்குவார் என்று தெரிந்துவிட்டதால் கை பரபரக்கும். அந்தப் பரபரப்பே பாடி வருகிறவருக்கு மூலதனம்.

இனித் தொடக்கத்தில் நாம் விட்டுவந்த இடத்துக்கு வருவோம். எதிரே மூன்று பேர். இங்கே இன்னொரு விதி குறுக்கிடுகிறது. மூவரோ, அதற்குக் குறைவாகவோ நின்று பிடித்துவிட்டால் அவர்களுக்கு ஒன்றல்ல, இரண்டு புள்ளிகள். "சூப்பர் டேக்கிள்" என்பது இதுதான். ஆகவே மூவரில் ஒருவரைத் தொட்டால் நமக்கு 1. பிடிபட்டால் அவர்களுக்கு 2. வெற்றி வாய்ப்பு மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் இருந்தாலன்றிப் பாய்வது நஷ்டம். ஆள் குறைந்த அணி பலவீனமானது என்று நினைத்துப் பாய்கிறவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். கூட்டம் "போடா, தொடுடா!" என்று கத்தும், கணக்கு "வந்துடுடா!" என்று சொல்லும்.

அதே களத்தில் ஒரே ஒருவர் மிஞ்சி நின்றால்? அவரைத் தொட்டால் தொட்டதற்கு 1, அணி முழுவதையும் வீழ்த்தியதற்கு 2, ஆக 3. பிடிபட்டால் 2 போகும். ஐந்தில் இரண்டு முறை வென்றாலே கணக்கு நேராகிவிடும். வெற்றி வாய்ப்பு பாதிக்கும் குறைவு, நூற்றுக்கு 45 என்றாலும் பாய்வதே லாபம். மூவரிடம் கோழையாக இருக்க வேண்டிய அதே ஆள், ஒருவரிடம் முரடனாக இருக்கவேண்டும். குணம் மாறவில்லை, விலை மாறிற்று.

பாய்கிறவரின் பலவீனம்

கணக்கு போதும். துடிப்பான அந்த இடது மூலைக்காரரை என்ன செய்வது?

கண்ணால் ஒன்றைக் கண்டு கையோ காலோ அசைவதற்குச் சுமார் 0.2 விநாடி ஆகிறது. இதற்கு எதிர்வினை நேரம் என்று பெயர். பல வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தால் இந்த நேரம் நீளும். வழிகள் கூடக்கூட எதிர்வினை நேரமும் ஓர் ஒழுங்கில் கூடுகிறது என்பதை ஹிக் என்ற ஆங்கிலேய உளவியலாளர் 1952இல் எடுத்துக்காட்டினார். சென்னையில் முதல் தேசியப் போட்டி நடந்த அதே ஆண்டு! இருவருக்கும் ஒருவரையொருவர் தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனால் நம் ஆட்டக்காரர்கள் அந்த விதியைக் காலால் அறிந்திருந்தார்கள். கையை நீட்டுவார்கள், இடுப்பை வளைப்பார்கள், பின்னுதை போடுவது போல் திரும்புவார்கள். "எது வரப்போகிறது?" என்ற கேள்விக்கு விடைகளைப் பெருக்கிக்கொண்டே போவார்கள்.

பொய்யசைவு ஏன் பலிக்கிறது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 1931இல் டெல்ஃபோர்டு என்ற ஆராய்ச்சியாளர் ஒன்றைக் கவனித்தார். ஒரு தூண்டலுக்கு நாம் பதில் அளிக்கத் தொடங்கியவுடனே இரண்டாவது தூண்டல் வந்தால், அதற்கான பதில் வழக்கத்தைவிடத் தாமதமாகிறது. மூளை முதல் வேலையை முடித்துவிட்டுத்தான் இரண்டாவதை எடுத்துக்கொள்கிறது. பொய்யசைவுக்கு மயங்கிப் பாயத் தொடங்கிய தடுப்பாளர் உண்மை அசைவைக் கண்ணால் பார்ப்பார். ஆனால் கை வராது.

அதோடு போகவில்லை. கணுக்காலை நோக்கி அவர் தரையை விட்டுப் பாய்ந்துவிட்டார் என்றால், அவர் இனி இயற்பியல் விதிக்குச் சொந்தம். காற்றில் இருக்கும் உடலின் புவியீர்ப்பு மையம் எறியப்பட்ட கல்லைப் போல் முன்பே தீர்மானிக்கப்பட்ட பாதையில்தான் போகும். கை காலை ஆட்டலாம். பாதையை மாற்ற முடியாது. மீண்டும் தரையைத் தொடும்வரை அவரால் முடிவை மாற்ற இயலாது. ஆகையால் ஆவேசமாகத் தடுப்பவரை எதிர்க்கும் கலையின் சாரம் இதுதான்: அவரை முதலில் முடிவெடுக்க வைப்பது. நிதானமான தடுப்பாளரிடம் இந்த வித்தை பலிப்பதில்லை. காத்திருப்பவரைவிடப் பாய்கிறவரே நல்ல ஆட்டக்காரருக்கு விருப்பமான எதிரி.

இது இருபுறமும் வெட்டும் கத்தி என்பதையும் மறக்கவேண்டாம். தடுப்பவர்களைத் தாண்டிக் குதிக்கும் ரெய்டரும் காற்றில் இருக்கும்வரை கல்தான். அதனால்தான் அரியானாவைச் சேர்ந்த பர்தீப் நர்வாலின் "துப்கி" அவ்வளவு பேசப்பட்டது. துப்கி என்றால் இந்தியில் முங்குதல். கைகோத்து மறிக்கும் இருவரின் கைகள் நெஞ்சு உயரத்தில் இருக்கும். அவர் குனிந்து அந்தக் கைகளுக்கு அடியில் நழுவிப் போவார். கால் தரையிலேயே இருக்கிறது; ஆகவே கடைசி நொடிவரை திசை மாற்றும் உரிமை அவரிடமே இருக்கிறது. 2017இல் ஒரே ஆட்டத்தில் 34 ரெய்டுப் புள்ளிகளை அவர் எடுத்தார். அதில் ஒரே ரெய்டில் எட்டு!

தமிழ்நாட்டிலும் இந்தக் கலையில் தேர்ந்தவர்கள் பலர். 1994இல் அர்ஜுனா விருது பெற்ற ராஜரத்தினத்தின் பெயர் பழைய ரசிகர்களுக்கு நினைவிருக்கும். தூத்துக்குடி மாவட்டத்து மணத்தி கிராமத்தைச் சேர்ந்த கணேசன் 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணியில் ஆடி, அடுத்த ஆண்டு அர்ஜுனா விருது பெற்றார். அவர் வாழ்க்கையைத் தழுவி 2025இல் "பைசன்" திரைப்படம் வந்தபின் இளைய தலைமுறையும் அவரை அறிந்துகொண்டது.

மணலிலிருந்து மெத்தைக்கு

தோல் வட்டாரத்து வாசகர்களுக்குச் செருப்பின் அடிப்பாகத்தைப் பற்றி நான் சொல்லித்தர வேண்டியதில்லை. தோலால் ஆன அடிப்பாகம் வழவழப்பான தரையில் வழுக்கும், ரப்பர் பிடித்துக்கொள்ளும். இந்த உராய்வுக்கும் பாடிப் போகிறவரின் முடிவுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு.

முன்பு மண்ணிலும் மணலிலும் வெறுங்காலுடன் ஆடினார்கள். இன்று பெரிய போட்டிகள் எல்லாம் செயற்கை மெத்தை விரிப்பில், ரப்பர் அடிப்பாகம் கொண்ட காலணியுடன் நடக்கின்றன. ஒருவர் காலால் உந்திப் பெறக்கூடிய முடுக்கம், உராய்வுக் குணகத்தைப் புவியீர்ப்பு முடுக்கத்தால் பெருக்கிய அளவுக்கு மேல் போக முடியாது. குணகம் 0.3 என்றால் விநாடிக்கு விநாடி சுமார் 3 மீட்டர்; 0.6 என்றால் சுமார் 6 மீட்டர். போனஸ் கோட்டிலிருந்து நடுக்கோடு 4.75 மீட்டர். நின்ற நிலையிலிருந்து அந்த எல்லை முடுக்கத்திலேயே ஓடிவருவதாகக் கொண்டால் முதல் தரையில் சுமார் 1.8 விநாடி ஆகும். இரண்டாவதில் சுமார் 1.3 விநாடி. உண்மை ஓட்டம் இவ்வளவு ஒழுங்காக இராது என்றாலும் மிச்சமாகும் அரை விநாடி சிறிதன்று. மனிதனின் எதிர்வினை நேரத்தைப் போல் இரண்டரை மடங்கு அது.

பிடிப்பு தடுப்பவருக்கும் கூடியதுதானே? கூடியதுதான். ஆனால் ஒரு மீட்டர் தூரம் பாயும் அவருக்கு அதே கணக்கில் கிடைப்பது கால் விநாடி லாபமே. ஆழமாகப் போனவருக்குத்தான் மெத்தை அதிகம் உதவுகிறது. ஆனால் இதற்கும் ஒரு விலை உண்டு. மணலில் திரும்பும்போது மணல் விட்டுக்கொடுக்கும். மெத்தையில் பாதம் பிடித்துக்கொள்ள, உடல் திரும்ப, அந்த முறுக்கு முழுவதும் முழங்கால் தசைநாரில் போய் விழும்.

ஈரானியர் கற்றுத் தந்த பாடம்

பெய்ஜிங்கில் 1990இல் கபடி ஆசிய விளையாட்டில் பதக்கத்துக்குரிய ஆட்டமாயிற்று. அது முதல் 2014 வரை ஏழு முறை நடந்த ஆடவர் போட்டிகளில் ஏழு தங்கமும் இந்தியாவுக்கே. எதிரிகள் நம்மைக் கண்டு பின்வாங்கினார்கள். நாம் வேண்டியபோது பாய்ந்து, வேண்டியபோது திரும்பி வந்தோம்.

மல்யுத்தத்தில் நீண்ட மரபுள்ள ஈரான் அப்படிப் பின்வாங்கவில்லை. ஃபசல் அத்ராச்சலி போன்ற அவர்களுடைய மூலைக்காரர்கள் நம் நாட்டு லீக் போட்டியிலேயே ஆண்டுதோறும் ஆடி, நம் ரெய்டர்களின் பழக்கவழக்கங்களை அத்துப்படி செய்துகொண்டார்கள். 2016இல் அகமதாபாத் உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் இடைவேளையின்போது ஈரான்தான் முன்னணியில் இருந்தது. அஜய் தாகூரின் ரெய்டுகள் ஆட்டத்தைத் திருப்பி 38–29 என்று காப்பாற்றின. அந்த எச்சரிக்கை போதவில்லை. 2018 ஆகஸ்டில் ஜகார்த்தா ஆசிய விளையாட்டின் அரையிறுதியில் ஈரான் 27–18 என்று நம்மை வென்றது. இந்திய அணி எடுத்த 18 புள்ளி என்னும் எண்ணைக் கவனியுங்கள். 40 நிமிட ஆட்டத்தில் அது மிகக் குறைவு. மறுநாள் மகளிர் இறுதியாட்டத்திலும் ஈரானே வென்றது.

ஐந்து ஆண்டுகள் கழித்து, 2023 அக்டோபர் 7ஆம் நாள், சீனாவின் ஹாங்ஜோவில் அதே இரண்டு நாடுகளும் ஆடவர் இறுதியாட்டத்தில் சந்தித்தன. கடைசி இரண்டு நிமிடங்களுக்குள் 28–28 என்று சமநிலை. இந்தியாவுக்கு மூன்றாம் ரெய்டு. வெறுங்கையுடன் திரும்ப முடியாது. போனவர் பவன் செராவத். களத்தின் இரு ஓரங்களிலும் ஒரு மீட்டர் அகலத்தில் லாபி என்ற பட்டை உண்டு. யாரையாவது தொட்டபின்புதான் அதற்குள் கால் வைக்கலாம். செராவத் யாரையும் தொடாமலே அதற்குள் போய்விட்டார். அவரைப் பிடிக்கும் வேகத்தில் ஈரானியத் தடுப்பாளர்களும் பின்னாலேயே பாய்ந்தார்கள்.

யார் ஆட்டமிழந்தது? போனவர் மட்டுமா, தொடாத நிலையில் அவரைத் துரத்தி லாபிக்குள் வந்தவர்களும் சேர்த்தா? பழைய விதி ஒன்று சொல்லிற்று. பின்னால் வந்த விதி வேறொன்று சொல்லிற்று. எந்த விதி இங்கே செல்லும் என்பதில் இரு அணியினரும் நடுவர்களும் வாதாடிக்கொண்டு நிற்க, ஆட்டம் சுமார் ஒரு மணி நேரம் நின்றது. ஆட்டக்காரர்கள் களத்திலேயே உட்கார்ந்துவிட்டார்கள். முடிவில் இந்தியாவுக்கு மூன்று புள்ளிகளும் ஈரானுக்கு ஒன்றும் தரப்பட்டன. மீதி இருந்த சில ரெய்டுகளும் நடந்து முடிந்தபோது எண்ணிக்கை 33–29 என்று நின்றது. தங்கம் இந்தியாவுக்குத் திரும்பிற்று.